சாப்பிடாத நாளிலும் சர்க்கரை ஏறுவது ஏன்?

குடியாத்தத்தை ஒட்டிய கிராமத்திலிருந்து 27 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டுக் கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

அம்மாவுக்கு 54 வயது, ஒன்பது வருடமாகச் சர்க்கரை. அப்பா இருந்தவரை கட்டுக்குள்தான் இருந்தது. மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அப்போது 7.4. அப்பா இறந்து 14 மாதம் ஆகிறது, இப்போது 10.2. சர்க்கரை மாத்திரைகளான மெட்ஃபார்மினோடு கிளிமெபிரைடும் போடுகிறார். எட்டு மாதத்தில் இரண்டு தடவை அளவைக் கூட்டியும் இறங்கவில்லை. அடுத்தது இன்சுலின்தான் என்கிறார் டாக்டர். வருடக்கணக்கில் பீடி சுற்றியவர், முறத்தைக் கையில் எடுத்தே ஏழெட்டு மாதம் ஆகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. குளிப்பதற்கும் யாராவது சொல்ல வேண்டும். இந்த வருடம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு வீடு நிறைய உறவினர் வந்தபோதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

பகலில் பெரும்பாலும் காபி மட்டும்தான். ராத்திரி அக்கம்பக்கத்தார் வற்புறுத்தினால் ஓர் உருண்டை கேழ்வரகுக் களி. எதுவும் சாப்பிடாமல் படுத்த மறுநாள் காலையில்கூட மெஷின் 240 காட்டுகிறது. ஆனால் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசியிருக்கிறார். "காத்து பட்டிருக்கு" என்று அத்தை மந்திரிக்க அழைத்துப் போனார். இரண்டு வாரம் கழித்து அதேபோல் ஆனபோது மகன் சோதித்துப் பார்த்திருக்கிறார்: 49. "நான் போயிட்டா உனக்கு ஒரு சுமை கொறையும்" என்று இப்போதெல்லாம் சொல்கிறாராம். தூக்கத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அல்பிரசோலம் வாங்கிப் போடுகிறார்.

மகன் கேட்பவை இவை. சர்க்கரையைச் சரிசெய்தால் மனசும் சரியாகிவிடுமா? மனநோய் மாத்திரை சர்க்கரையை ஏற்றி, பழக்கமாகிவிடும் என்கிறார்களே? அம்மா வர மறுக்கிறார். மாத்திரையைக் காபியில் கலந்து கொடுக்கலாமா? தங்கைக்கு வரன் பார்க்கும் நேரத்தில், மனநல மையம் இருக்கும் பாகாயத்துக்குப் போனால் ஊர் என்ன பேசும்?

அன்புள்ள தம்பி,

நான்கு மாத சர்க்கரை அளவுகளைத் தேதி போட்டு எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதன் ஓரத்தில் "சாப்பிடலை", "ரெண்டு வேளை மாத்திரையும் சேர்த்துப் போட்டாங்க", "மாத்திரை போடலை" என்று பென்சிலில் குறித்திருக்கிறீர்களே, எண்களைவிட எனக்கு அதுதான் உதவியது. கிளினிக்குக்குப் போகும்போது அந்த ஓரக் குறிப்புகளைக் காட்டினீர்களா? காட்டியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். டாக்டர் முன்னால் இருப்பது 10.2 என்ற எண். தான் எழுதிக் கொடுத்தது எல்லாம் ஒழுங்காக உள்ளே போகிறது, அதற்கும் இறங்கவில்லை என்று வைத்துக்கொண்டு அவர் அளவைக் கூட்டுகிறார். அவருக்குத் தெரிந்தவரை அது சரியான முடிவு. ஆனால் உங்கள் வீட்டில் நடப்பது வேறு. சாப்பிட்ட நாளில் மாத்திரை இல்லை, சாப்பிடாத நாளில் இரட்டை மாத்திரை. அளவைக் கூட்டக் கூட, ஏறுகிற நாளில் ஏறிக்கொண்டும் இறங்குகிற நாளில் இன்னும் ஆழமாக இறங்கிக்கொண்டும் இருக்கும்.

அம்மாவுக்கு இருப்பது, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், சிகிச்சை கிடைக்காத தீவிர மனச்சோர்வு நோய். நேரில் பார்க்காமல் உறுதியாக எழுதித்தர முடியாது. ஆனால் ஓர் அறிகுறி, இரண்டு அறிகுறி இல்லை. விடியற்காலை விழிப்பு, எதிலும் நாட்டமின்மை, பசியின்மை, தன்னைச் சுமையாக நினைப்பது, சாவைப் பற்றிய பேச்சு எல்லாம் மாதக்கணக்கில் தொடர்கின்றன. இரண்டு வாரம் நீடித்தாலே பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவர்களான எங்கள் வழக்கம். "புருஷன் போன துக்கம், அப்படித்தான் இருக்கும்" என்று உறவினர் சொல்வதில் பாதி உண்மை. துக்கம் அலை அலையாக வரும். நடுவில் பேரக்குழந்தை வந்தால் முகம் மலரும், பழைய கதை சொன்னால் சிரிப்பும் வரும். 14 மாதம் கழித்தும் எதற்கும் முகம் மாறாமல், நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டே போவதைத் துக்கத்தின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

காலை 240-க்குக் காரணம்

மனம் ஓயாத நெருக்கடியில் இருக்கும்போது, ஏதோ ஆபத்து நெருங்கிவிட்டது என்று மூளை அட்ரினல் சுரப்பியை விடாமல் தூண்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும். ஓடவோ சண்டை போடவோ தேவைப்படுமே என்று கல்லீரல் தானே சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் இறக்கும். தசைகளில் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஆக, வாய் வழியே எதுவும் போகாவிட்டாலும் ரத்தத்தில் சர்க்கரை ஏறலாம். தூக்கம் கெடுவதும் நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதும் அதைக் கூட்டும். "எங்களுக்குத் தெரியாம இனிப்பு சாப்பிடுறாங்களோ" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சந்தேகத்தை விட்டுவிடுங்கள். காலையில் மெஷினைப் பார்த்ததும் "நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்ற விசாரணையையும் நிறுத்துங்கள். ஏற்கெனவே தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருப்பவர் அவர்.

கேழ்வரகு பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் களி, கூழ் என்றாலே சர்க்கரைக்காரர்களுக்கு மருந்து என்று ஒரு நம்பிக்கை உண்டு. நார்ச்சத்து, கால்சியம் எல்லாம் இருக்கிறது, நல்ல தானியம்தான். ஆனால் அதுவும் மாவுச்சத்து. நாள் முழுக்கப் பட்டினி இருந்துவிட்டு ராத்திரி ஒரு பெரிய உருண்டையை விழுங்கினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அதே களியில் பாதி, நிறைய கீரைக் கடையலோடு, பகல் ஒரு மணிக்கு என்றால் கதை வேறு.

சர்க்கரை சரியானால் மனசும் சரியாகுமா என்றால், அப்படி எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது. சர்க்கரை அதிகமாக இருந்தால் அசதி வரும், எரிச்சல் வரும். அது குறைந்தால் அந்த அசதி குறையும். "என்னால் எல்லாருக்கும் பாரம்" என்ற எண்ணம் மெட்ஃபார்மினால் போகாது. மறுபக்கமும் அப்படித்தான்: மனச்சோர்வுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டுச் சர்க்கரை தானாக இறங்கும் என்று உட்கார்ந்திருந்தாலும் ஏமாற்றமே. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு காணப்படுகிறது. மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடுதல். இரண்டையும் சேர்த்து, ஒரே திட்டத்தில் பார்க்க வேண்டும். சென்னை, பெங்களூரு, டெல்லி, விசாகப்பட்டினம் ஆகிய நான்கு ஊர்ச் சர்க்கரை கிளினிக்குகளில் 404 நோயாளிகளிடம் இப்படிச் செய்து பார்த்த ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. மருத்துவர் அல்லாத ஒரு பணியாளர் அவர்களைத் தொடர்ந்து விசாரித்து, சர்க்கரை டாக்டருக்கும் மனநல மருத்துவருக்கும் நடுவே தகவலைக் கடத்திக்கொண்டிருந்தார். முக்கியமான வித்தியாசம் அதுதான். இரண்டு வருட முடிவில், மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது இறங்கியவர்கள் அந்தக் குழுவில் 71.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்கள் 57.4 சதவீதம். உங்கள் வீட்டுக்கு அந்தப் பணியாளர் நீங்கள்தான், தம்பி. வேறு வழியில்லை.

49 தான் எனக்குப் பயம்

10.2 இன்றைக்கே ஆளைக் கொல்லாது. 49 கொல்லலாம். 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே மூளை தடுமாறத் தொடங்கும். அன்றைக்கு ராத்திரி வியர்வையும் நடுக்கமும் உளறலும் காற்றுக் கருப்பால் வரவில்லை. முதல் தடவை சோதிக்காததால் அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், இரண்டாவது தடவை உங்கள் மெஷினே சொல்லிவிட்டது. மெட்ஃபார்மின் தனியாக இப்படி இறக்குவது அபூர்வம். கிளிமெபிரைடின் வேலை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைப்பது. சாப்பாடு வருகிறதா இல்லையா என்று அது பார்க்காது. அதற்கு மேல் தூக்க மாத்திரையும் சேர்ந்தால், சர்க்கரை இறங்குவது அம்மாவுக்கே தெரியாமல் போகலாம், எழுப்பினாலும் மசமசப்பாகத்தான் இருப்பார்.

மறுபடி நடந்தால், நினைவு இருக்கும்போது மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். 70 தாண்டாவிட்டால் மறுபடி அதே. தாண்டியதும் இரண்டு இட்லியோ கொஞ்சம் சாதமோ சாப்பிட வையுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும், 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை ஏறிவிட்டு, சில மணி நேரத்தில் திரும்பவும் இறங்கக்கூடும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இன்னும் நீளும். ஆகவே எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று நீங்கள் தூங்கப் போய்விடாதீர்கள்.

இன்சுலின் வேண்டுமா என்பதை உங்கள் சர்க்கரை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்ற பயம் தேவையில்லை, பல நேரம் அதுதான் நல்ல வழி. நான் கேட்டுக்கொள்வது, முழு விவரமும் தெரிந்த பிறகு அவர் முடிவெடுக்கட்டும் என்பதே. வேளைக்குச் சாப்பிடாத, சாவைப் பற்றிப் பேசும் ஒருவர் வீட்டில் இன்சுலின் வந்தால், ஊசி போடுவதும் மருந்தை வைத்திருப்பதும் நீங்களோ தங்கையோதான்; அம்மா கையில் வேண்டாம். சில மாதங்களுக்கு ஹெச்பிஏ1சி 7 என்று துரத்தாமல் 8-ஐ ஒட்டி வந்தால் போதும் என்று டாக்டரே சொல்லக்கூடும். அதைக் கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள்.

மாத்திரை பற்றிய பயங்கள்

எல்லா மனநல மருந்தும் சர்க்கரையை ஏற்றாது. சில ஏற்றும் என்பது உண்மைதான். மிர்டசாபின், அமிட்ரிப்டிலின் எடையைக் கூட்டி, அந்த வழியாகச் சர்க்கரையையும் கூட்டலாம். ஓலான்சபின், குவெட்டியபின் இன்னும் அதிகம். செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவை பெரும்பாலும் சர்க்கரைக்குத் தொந்தரவு தராதவை. சிலருக்குச் சற்றே இறக்கக்கூடச் செய்யும். அதனால்தான் கிளிமெபிரைடு எடுப்பவருக்கு இவற்றைத் தொடங்கும்போது முதல் சில வாரம் அடிக்கடி சோதிக்கச் சொல்வோம். ஆரம்பத்தில் குமட்டல் வந்து சாப்பாடு இன்னும் குறையலாம் என்பதும் ஒரு காரணம். அம்மா போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனால், மனநல மருத்துவர் அதற்கேற்ப மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

பழக்கமாகிவிடும் என்ற பயம் இடம் மாறி நிற்கிறது. மனச்சோர்வு மருந்துகள் போதைப் பழக்கம் ஆவதில்லை. இரண்டு முதல் நான்கு வாரத்தில் மெல்ல வேலை செய்யத் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரமாகும். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்துவிட்டு, டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். உங்கள் வீட்டில் உண்மையாகவே பழக்கமாகக்கூடியது, சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் அந்த அல்பிரசோலம். அதற்காக இன்று ராத்திரியே பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். பல மாதம் போட்டதைத் திடீரென நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரும். அதைப் படிப்படியாகக் குறைப்பதும் மனநல மருத்துவரின் வேலையே.

மருந்து எழுதும் முன் தைராய்டு, ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், வைட்டமின் பி12 பார்ப்பது நல்லது. ஒன்பது வருடம் மெட்ஃபார்மின் போட்டவருக்கு பி12 குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அதுவே அசதியையும் மனத்தளர்ச்சியையும் பாத எரிச்சலையும் தரும். மருந்தோடு உளவியல் ஆலோசனையும் சேர்ந்தால் பலன் கூடும். அம்மா பேச ஆரம்பிக்க இரண்டு மூன்று சந்திப்புகள் ஆகலாம்.

காபியில் கலப்பது வேண்டாம்

உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் வேண்டாம். யாரும் பரிசோதிக்காத ஒருவருக்கு எந்த மருந்தை, எவ்வளவு கலப்பீர்கள்? பக்க விளைவு வந்தால் டாக்டரிடம் என்ன சொல்வார், தான் எதைக் குடித்தோம் என்றே தெரியாதே. ஒருநாள் கண்டுபிடித்தால், அதற்குப் பிறகு உங்கள் கையால் கொடுக்கும் சாப்பாட்டையும் தொட மாட்டார். சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவருக்கும் தன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் தகுதி இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. தகுதி இல்லை என்று முறையாக மதிப்பிட்டால்தான் மற்றவரின் துணை.

பொய் சொல்லாமலே அழைத்துப் போகலாம். "மூணு மணிக்கே முழிச்சுக்கிறீங்க, சாப்பாடு இறங்கலை, ராத்திரி சர்க்கரை இறங்குது. இதுக்கு ஒரு டாக்டரைப் பார்ப்போம்மா. எனக்காக ஒருதடவை வாங்க." இதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அவருக்கே தொல்லையாக இருப்பது தூக்கம்தான், அதிலிருந்து தொடங்குங்கள். அத்தை மந்திரிக்க அழைத்துப் போவதைப் பெரிய சண்டையாக்க வேண்டாம். விபூதி இட்டுக்கொள்ளட்டும், மாத்திரையும் போடட்டும். பட்டினி விரதம் மட்டும் கூடாது என்று அத்தையிடமே பொறுப்பை ஒப்படையுங்கள்.

ஊர் பேச்சும் உங்கள் உரிமையும்

பாகாயத்தில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் இருப்பதால் அந்த ஊர்ப் பெயரையே கேலிக்குப் பயன்படுத்தும் கெட்ட பழக்கம் நம் மாவட்டத்தில் உண்டு. நோயாளியோடு வீட்டாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறை இந்தியாவில் ஆரம்பத்திலேயே, 1950களில், வேரூன்றிய இடங்களில் அது ஒன்று. அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் புறநோயாளியாகப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள். அந்தப் பெயரே அம்மாவுக்குத் தடையாக இருந்தால் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். மனநலப் பிரிவும் சர்க்கரைக்கான பொது மருத்துவப் பிரிவும் ஒரே வளாகத்தில், செலவில்லாமல். உங்கள் வேலை நாள் நஷ்டத்தைப் பார்த்தால் இதுதான் எனக்கு முதல் தேர்வு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடமும் நிலைமையைச் சொல்லி வையுங்கள்.

அம்மாவின் சிகிச்சை விவரத்தை மருத்துவமனை வெளியே சொல்லக் கூடாது. அதே 2017 சட்டத்தின் 23-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்து கேட்டாலும் பதில் கிடைக்காது. கம்பெனி மூலமாகவோ தனியாகவோ மருத்துவக் காப்பீடு இருந்தால், உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. தங்கையின் கல்யாணத்தைப் பொறுத்தவரை, மணமேடையில் அம்மா தெம்பாக உட்கார்ந்திருப்பது அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு முக்கியம் என்று அவளிடமே கேட்டுப் பாருங்கள். அத்தை சொல்வதை மட்டும் கேட்டு முடிவெடுக்க வேண்டாம்.

"நான் போயிட்டா" என்ற பேச்சு

இதை வெறும் புலம்பலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதாம்மா? எப்படின்னுகூட யோசிச்சீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, யாராவது கேட்டார்களே என்று பலருக்கு ஆறுதல்தான் வரும். ஆமாம் என்றால் அன்றைக்கே அடுக்கம்பாறை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், அதுவரை ஒரு நிமிடமும் தனியாக விடாதீர்கள். இல்லை என்றாலும் வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொண்டு, அன்றன்றைக்கு உரியதை மட்டும் கொடுங்கள். பூச்சிமருந்து இருந்தால் வீட்டைவிட்டே அகற்றுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-லும், மருத்துவ உதவி எண் 104-லும் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அம்மா பேச மறுத்தால் நீங்கள் பேசுங்கள், வீட்டாருக்கும் வழி சொல்வார்கள்.

சாப்பாட்டில் இப்போதைக்கு டயட் சார்ட் எதுவும் வேண்டாம். காலை, பகல், இரவு மூன்று வேளையும் கொஞ்சமாவது இறங்க வேண்டும், அவ்வளவே இலக்கு. நீங்கள் ஆம்பூர் பஸ் ஏறுவதற்கு முன் இரண்டு இட்லி கண்முன்னால் சாப்பிடட்டும். பகலுக்குப் பக்கத்து வீட்டு அக்காவை வந்து உடன் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். "45 நிமிடம் நடங்க" என்று உபதேசம் செய்யாமல், வெயில் தாழ்ந்த பிறகு தெருமுனைவரை கூடவே நடந்துவிட்டு வாருங்கள்.

மனநல மருத்துவரைப் பார்க்கும் நாள் அமைய ஒரு வாரம்கூட ஆகட்டும். அதுவரை தள்ளிப்போடக் கூடாதது ஒன்று உண்டு. நாளைக் காலையில் சர்க்கரை கிளினிக்குக்குப் போன் செய்து, 49 வந்ததையும் அம்மா பல வேளை சாப்பிடுவதில்லை என்பதையும் சொல்லி, கிளிமெபிரைடைக் குறைக்க வேண்டுமா, சாப்பிடாத வேளையில் நிறுத்திவிடலாமா என்று கேளுங்கள். பதில் வரும்வரை, சாப்பாடு உள்ளே போகாத வேளையில் அந்த ஒரு மாத்திரையை மட்டும் கொடுக்காதீர்கள்.